சேமிப்புக் கிடங்கு கட்டிய கதை: கையால் கொஞ்சம், கருவியால் கொஞ்சம்

டிஸ்கி: பொட்டி தட்டாதவர்களும் படிக்கலாம். புரியாத பத்தியை சாய்ஸில் விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுங்கள், குற்றமில்லை :-)

கோவில்பட்டியிலிருந்து புனேவுக்கு நான் வந்தது 2011இல். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் பெரியப்பா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஏலே, நீ அங்கன என்னதாம்ல வேல பாக்க?"

"கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் ஏத்துற வேல பெரியப்பா."

"அதுக்கா இம்புட்டு சம்பளம்? நம்ம கடத்தெரு பய முந்நூறு ரூவாய்க்கு ஏத்திக் குடுக்கான்."

நியாயமான கேள்வி. சிரித்து மழுப்பிவிட்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள் சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆணி பிடுங்கக் கற்றுக்கொண்ட இடம் க்ளஸ்டர்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருள். பல சர்வர்களில் சிதறிக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஒரே பெரிய கிடங்காகக் காட்டும். ஜிஎன்யூவின் முதல் எழுத்தை க்ளஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் தலையில் ஏற்றி வைத்த பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய!

இதற்கு ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. இதைத் தொடங்கியவர் ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக 'தண்டர்' என்ற மீக்கணினியைக் கட்டியவர்களில் ஒருவர். 4096 ஐட்டேனியம் செயலிகள் கொண்ட அந்தக் கணினி 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு, 2005இல், க்ளஸ்டர் நிறுவனம் பிறந்தது. மென்பொருளின் பெரும்பகுதி உருவானது பெங்களூரில். 2011 அக்டோபரில் ரெட் ஹேட் நிறுவனம் 13.6 கோடி டாலருக்கு அதை வாங்கியது.

இதன் அழகு எளிமை. எந்தக் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது என்று குறித்துவைக்கத் தனிக் கணக்குப்பிள்ளை கிடையாது. கோப்பின் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டால், அது இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். கணக்குப்பிள்ளை படுத்தால் கடையும் படுத்துவிடுமே என்ற பயம் இல்லை.

கையால் நிறுவுவது இப்படித்தான். மூன்று சர்வர் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் வழியாக நுழைய வேண்டும். எந்த டிஸ்க் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை எக்ஸ்எஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும், ஐநோட் அளவு 512 என்று மறக்காமல் சொல்லி. பிறகு மவுண்ட் செய்து, மென்பொருளை ஏற்றி, சேவையைத் தொடங்கி, ஃபயர்வாலில் 24007ஆம் எண் கதவைத் திறக்க வேண்டும். ஒரு சர்வரில் உட்கார்ந்து மற்ற இரண்டையும் "வா, கூட்டு சேர்" என்று அழைக்க வேண்டும். கடைசியில் மூன்று பிரதி வைக்கும் ஒரு தொகுதியை உருவாக்கித் தொடங்கிவிட்டால் முடிந்தது.

மூன்று சர்வருக்கு ஒரு மதியம் போதும். முப்பது சர்வர் என்றால்? பதினேழாவது சர்வரில் ஃபயர்வாலை மறந்திருப்பீர்கள். இருபத்திரண்டாவதில் ஐநோட் அளவை விட்டிருப்பீர்கள். எதில் எதை விட்டோம் என்று ஆறு மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும்.

இந்தத் தலைவலி எனக்கு மட்டும் வந்ததில்லை. 1993இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜெஸ் என்ற இயற்பியல்காரர், விதவிதமான யூனிக்ஸ் கணினிகளைப் பராமரித்து அலுத்துப்போய் சிஎஃப்இஞ்சின் என்ற கருவியை எழுதினார். அவர் பிடித்த முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கணினியிடம் "இதைச் செய், அடுத்து அதைச் செய்" என்று சொல்லாதே. "கடைசியில் நீ இப்படி இருக்க வேண்டும்" என்று சொல். ஏற்கெனவே அப்படி இருந்தால் அது சும்மா இருக்கும், இல்லாவிட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரு தடவை ஓட்டினாலும் நூறு தடவை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான்.

2005இல் வந்த பப்பெட், 2009இல் வந்த ஷெஃப் எல்லாம் இந்த வழியில் வந்த வாரிசுகள். 2012இல் மைக்கேல் டீஹான் அன்சிபிளைக் கொண்டுவந்தார். உர்சுலா லெ குவின் 1966இல் எழுதிய அறிவியல் புனைகதையில், எவ்வளவு தூரம் இருந்தாலும் உடனடியாகச் செய்தி சொல்லும் கருவிக்கு வைத்த பெயர் அது. இந்த அன்சிபிளுக்கு ஒவ்வொரு சர்வரிலும் தனி ஏஜென்ட் தேவையில்லை. எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும். 2015இல் அதையும் ரெட் ஹேட் வாங்கிப்போட்டது.

இதற்கு நடுவில் இன்னொரு புரட்சி. 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கரை அறிமுகப்படுத்தினார். 2014 ஜூனில் கூகுள் குபெர்னெட்டீஸை வெளியிட்டது. எல்லோரும் மென்பொருளைக் கண்டெய்னரில் அடைக்கத் தொடங்கினோம். கண்டெய்னர் லாட்ஜ் அறை மாதிரி. காலி செய்தால் உள்ளே விட்டுவந்ததெல்லாம் குப்பைக்குப் போய்விடும். அப்படியானால் டேட்டாபேஸை எங்கே வைப்பது? கண்டெய்னர் செத்தாலும் சாகாத கிடங்கு வேண்டுமே!

அங்கேதான் க்ளஸ்டர்எஃப்எஸ் மறுபடியும் வேலைக்கு வந்தது. ஹெகெட்டி என்ற தரகரை நடுவில் வைத்தார்கள். குபெர்னெட்டீஸ் "எனக்கு 10 ஜிபி வேண்டும்" என்று கேட்கும். ஹெகெட்டி அந்த இடத்தை வெட்டிக் கொடுக்கும். அந்தக் கிடங்கே கண்டெய்னருக்குள் ஓடும். கையால் நிறுவுவது இப்போது இரட்டிப்பு வேலை. கர்னலில் மூன்று மாட்யூல்களை ஏற்ற வேண்டும், 2222, 24007, 24008 என்று கதவுகளைத் திறக்க வேண்டும், எந்த சர்வரில் எந்த டிஸ்க் என்று ஒரு ஜேசன் கோப்பில் எழுத வேண்டும். ஒரு காற்புள்ளி தப்பினால் போச்சு. அதனால் ஓப்பன்ஷிஃப்டுக்கான அன்சிபிள் ப்ளேபுக்குகளில் இதையும் சேர்த்துவிட்டார்கள். சர்வர்களின் பெயர், டிஸ்க்கின் பெயர், அவ்வளவுதான். ஒரே கட்டளை.

இனி வருவது வரலாற்றில் என் பங்கு. பெருமைப்பட ஒன்றுமில்லை.

2018, தீபாவளிக்கு முந்தைய வாரம். எங்கே வேலை பார்த்தேன் என்பது இங்கே வேண்டாம். சோதனைக்காக மூன்று சர்வர்களில் இந்தக் கிடங்கை நிறுவச் சொன்னார்கள். மறுநாள் எனக்கு ஊருக்கு ரயில். பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். மூன்று சர்வரிலும் எஸ்டிபி என்ற டிஸ்க் என்று எழுதினேன். பழைய கோப்பில் "டிஸ்க்கில் எது இருந்தாலும் துடைத்துவிட்டுத் தொடங்கு" என்று ஒரு வரி இருந்தது. முன்பு காலி டிஸ்க்குகளை வைத்து விளையாடியபோது நானே போட்டது. அதை எடுக்கவில்லை.

ஓட்டினேன். திரையில் பச்சையும் மஞ்சளுமாக வரிகள் ஓடின. கடைசியில் தோல்வி என்ற கட்டத்தில் மூன்றுக்கும் பூஜ்யம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

லினக்ஸில் எஸ்டிபி, எஸ்டிசி என்பதெல்லாம் நிரந்தரப் பெயர்கள் இல்லை. பூட் ஆகும்போது எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் எழுத்து. மூன்றாவது சர்வரில் எஸ்டிபி காலி டிஸ்க் இல்லை. கோலாப்பூரிலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு சோதனைப் பொறியாளரின் மூன்று வார முடிவுகள் அதில் இருந்தன. வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று மவுண்டைக் கழற்றி அப்படியே வைத்திருந்தார். மவுண்டில் இருந்திருந்தாலாவது "டிஸ்க் பிசி" என்று கருவி முரண்டு பிடித்திருக்கும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். வெறும் அடையாளக் குறிகளை மட்டும் துடைத்திருந்தால் ஒருவேளை மீட்டிருக்கலாம். அதன்மேல் புதிய கிடங்கின் அஸ்திவாரமும் போட்டாகிவிட்டது. விடியும்வரை தோண்டினேன், உருப்படியாக ஒன்றும் தேறவில்லை.

அவர் கத்தவில்லை. "பேக்கப் எடுத்திருக்கணும், என் தப்பும் இருக்கு" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மேனேஜரிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு இரண்டு பேரும் ஆபீஸில் உட்கார்ந்து சோதனைகளை மறுபடி ஓட்டினோம். அவர் வீட்டிலிருந்து வந்த சக்லியை (நம்ம முறுக்குதான்) எனக்கும் கொடுத்தார். தின்ன கூச்சமாக இருந்தது.

கையால் செய்திருந்தால் இது நடந்திருக்குமா? மூன்றாவது சர்வரில் நுழைந்து டிஸ்க் பட்டியலைப் பார்த்த நொடியில், "இதென்ன, இங்கே மட்டும் ஏதோ இருக்கே" என்று கை நின்றிருக்கும். மனுஷனுக்கு மறதி உண்டு, ஆனால் சந்தேகமும் உண்டு. கருவிக்கு இரண்டும் இல்லை. நான் எழுதிக்கொடுத்ததைத்தான் அது செய்தது. அதற்காகக் கையாலேயே செய்வோம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பதினேழாவது சர்வரை நினைத்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் உலகம் வேகமாக நகர்ந்துவிட்டது. ஆபரேட்டர் என்ற யோசனையை கோர்ஓஎஸ் 2016இலேயே முன்வைத்திருந்தது. அனுபவசாலி ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதுபோல, குபெர்னெட்டீஸுக்குள் ஒரு நிரல் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். பர்ஜெஸ் சொன்ன அதே விஷயம்தான். சாண்டா குரூஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது சேஜ் வைல் உருவாக்கிய செஃப் என்ற கிடங்கை நிறுவ ரூக் என்ற ஆபரேட்டர் வந்தது. (இது தின்னுகிற செஃப்பும் இல்லை, மேலே சொன்ன ஷெஃப்பும் இல்லை.) 2020 ஜனவரியில் ஓப்பன்ஷிஃப்டின் சேமிப்பு மென்பொருளே தன் 4ஆம் தலைமுறையில் க்ளஸ்டரை விட்டுவிட்டு செஃப்புக்கு மாறிக்கொண்டது. 2022 டிசம்பரில் வந்த குபெர்னெட்டீஸ் 1.26இல் க்ளஸ்டருக்கான உள்கட்டு இணைப்பை நீக்கினார்கள். ரெட் ஹேட்டின் க்ளஸ்டர் தயாரிப்புக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. நான் ராப்பகலாகக் கற்றுக்கொண்ட கட்டளைகளில் பாதிக்கு இன்று வேலையில்லை.

ரூக்கின் கையேட்டை முதல்முறை படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஏற்கெனவே பார்ட்டிஷனோ ஃபைல் சிஸ்டமோ இருக்கும் டிஸ்க்கை அது தொடாது. காலியாக இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும். எழுதினவர்களில் யாருக்கோ ஒரு தீபாவளி கெட்டிருக்குமோ என்று தோன்றியது.

இப்போது என்னிடம் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். முதலில் மூன்று சர்வரில் கையால் நிறுவ வேண்டும். பிறகு அதை அழித்துவிட்டு கருவியால் நிறுவலாம். டிஸ்க்கை எஸ்டிபி என்று எழுதக்கூடாது, அதன் வரிசை எண் உள்ள நிரந்தரப் பெயரால்தான் எழுத வேண்டும். துடைக்கும் வரி கோப்பில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. "கருவிதான் இருக்கே சார், கையால எதுக்கு?" என்று முணுமுணுப்பார்கள். கதையைச் சொன்னால் பேசாமல் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

பெரியப்பா, கடைத்தெருப் பையன் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஏற்றுகிறான். நான் ஏற்றுகிற பெட்டிகளை நான் பார்ப்பதே இல்லை. அதில் யாருடைய மூன்று வாரம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நேரிலேயே சொல்கிறேன்.