தபாலில் வந்த திருத்தம்

மூன்று மணி நேரத்தில் ஒருவனுடைய படிப்பை அளந்துவிடலாம் என்ற யோசனை யாருக்கு முதலில் உதித்ததோ, தெரியாது. வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் அதைப் பொதுவாக்கியது லண்டன் சர்வகலாசாலை. 1858-ல் கிடைத்த சாசனத்தின்படி, வைத்தியம் நீங்கலாக மற்றப் படிப்புகளுக்கு, எந்தக் கல்லூரியிலும் காலடி வைக்காதவர்கள்கூட அதன் பரீட்சையை எழுதலாம். பணத்தைக் கட்ட வேண்டியது, எழுத வேண்டியது, தேறினால் பட்டம். பெரிய கதவுதான், சந்தேகமில்லை. ஆனால் தோற்றவனுக்கு ஏன் தோற்றோம் என்று சொல்லக் கதவுக்கு அப்பால் ஆள் கிடையாது.

அந்த ஆளைத் தனியார் தபால் கல்லூரிகள் கொடுத்தன. வில்லியம் பிரிக்ஸ் என்பவர் நடத்திய கல்லூரி ஒன்றில், நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் இளமையில் உயிரியல் உபாத்தியாயராக இருந்தார். தபாலில் வரும் விடைகளைத் திருத்துவதும் அவர் வேலை. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதில் ஒரு சொந்த சந்தோஷம் உண்டு. ஆனாலும், வெல்ஸ் எத்தனைதான் கவனமாகத் திருத்தினாலும், பட்டம் கொடுப்பதில் அவருக்கு ஒரு மார்க்கு அளவுகூடப் பாத்தியதை இல்லை. சொல்லிக் கொடுப்பவர் ஒருவர், எடை போடுபவர் வேறொருவர்.

இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததுதான், 1969-ல் சாசனம் பெற்ற இங்கிலாந்தின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் செய்த காரியம். 1971 ஜனவரியில் பாடம் தொடங்கிற்று. மாணவர்கள் இருபதாயிரத்துக்கு மேல். மாணவன் கட்டுரை எழுதித் தபாலில் அனுப்புவான். ஆசிரியர் ஓரத்தில் குறிப்பெழுதி, மார்க்கும் போடுவார். அந்த மார்க்கு இறுதிக் கணக்கில் சேரும். சில பாடங்களுக்குப் பென்சிலால் கோடிழுத்த விடைத்தாள்களைக் கம்ப்யூட்டர் திருத்தியது. வருஷத்தின் முடிவில் நேரில் எழுதும் பரீட்சையையும் விடவில்லை. கட்டுரையில் எத்தனை நல்ல மார்க்கு வாங்கினாலும் பரீட்சையில் கோட்டை விட்டால் தேற முடியாது. தபாலில் வந்த எழுத்து யாருடையது என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருந்திருக்கத்தானே வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வேறு. ஆசிரியர் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து, மார்க்கு நியாயமா, குறிப்பு மாணவனுக்கு உதவுமா என்று இன்னொருவர் பார்ப்பார். உபாத்தியாயருக்கே பரீட்சை! நம் ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

விதியைப் பாருங்கள்: பாடம் தொடங்கிய அதே ஜனவரியில் இங்கிலாந்தில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். ஏழு வாரம் நடந்தது. தபாலையே நம்பிப் பிறந்த பல்கலைக்கழகம் வேறு வழிகளைத் தேடி எப்படியோ பிழைத்துக்கொண்டது.

நம் நாட்டில் 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வீட்டுக் கட்டுரைகளுக்கு மார்க்கு வைத்தது. பல பாடங்களில் நூற்றுக்கு முப்பது. கட்டுரை இருந்தால் போதாது, அதைப் படித்து நாலு வரி எழுதும் மனிதரும் வேண்டும். அவர் பல நூறு தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் ஓரத்தில் ஒரு டிக் அடையாளம்தான் விழும்.

2020-ல் தொற்றுநோய் வந்து பரீட்சைக் கூடங்களை மூடிற்று. பலர் வீட்டிலிருந்தே எழுதினார்கள். பிறகு கட்டுரை எழுதும் இயந்திரமும் வந்துவிட்டது. அதனால் இப்போது சில ஆசிரியர்கள் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியவரைத் திரையில் அழைத்து, "இந்த மூன்றாவது பாராவில் என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்கிறார்கள்.