கோடாரிச் சாமிக்குப் பெயர் வைத்தது யார்?

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் விரிந்து கிடக்கும் ஊர்களில் கோபுரம் இல்லாத சாமிகளே அதிகம். மரத்தடியில் ஒரு கல், அதன்மேல் மஞ்சள், குங்குமம். அவ்வளவுதான் கோயில். ஜவ்வாது மலையில் இப்படி வழிபடப்படும் கற்களில் சில, புதிய கற்கால மனிதர்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகள் என்பதைத் தொல்லியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலைக்குக் கீழே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோதும் இத்தகைய கோடாரிகள் கிடைத்தன. காடு திருத்தி மண்ணைக் கிளறிப் பிழைத்தவர்களின் கருவி அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு அது மலையாளிப் பழங்குடி மக்களின் சாமியாக நிற்கிறது. பிள்ளையார் என்ற பெயரும் அதற்கு உண்டு.

தும்பிக்கை இல்லை, தொந்தி இல்லை, எலியும் இல்லை. பிறகு எப்படிப் பிள்ளையார்? இந்தக் கேள்வியை நாம் சரியாகக் கேட்கக் கற்றுக்கொள்ள, இதே போன்ற கோடாரிக் கல்லைக் கும்பிடும் இன்னொரு மக்களின் வரலாறு உதவும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுக்கு இடியும் மின்னலும் சாங்கோவின் ஆயுதங்கள். சாங்கோ ஓயோ நாட்டின் பழைய அரசன், இறந்தபின் தெய்வமானவன் என்பது அவர்கள் மரபு. நிலத்தில் கிடைக்கும் கற்காலக் கோடாரிகளை, அவன் வானத்திலிருந்து எறிந்த இடிக்கற்கள் என்று எடுத்துப் பூசிக்கிறார்கள். அவனுக்காகச் செதுக்கும் மரச் சிற்பங்களின் தலையில் இரட்டைக் கோடாரி இருக்கும்.

கரும்புத் தோட்டங்களுக்காகக் கியூபாவுக்கு ஏழு லட்சத்துக்கும் அதிகமான ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஓயோ அரசு சிதைந்தபோது யொருபா மக்கள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1886இல்தான். எசமானரின் மதம் கத்தோலிக்கம். அடிமைக்கும் அதுவே கட்டாயம். அந்தக் கட்டாயத்துக்குள் அவர்கள் தங்கள் ஒரிஷாக்களை, அதாவது தெய்வங்களை, புனிதர்களின் படங்களோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். இப்படி உருவானதுதான் சாந்தேரியா.

யாருக்கு யாரைச் சேர்ப்பது என்பதற்குப் படங்களே வழி காட்டின. புனித பார்பராவின் தலையை வெட்டிய தந்தை மின்னல் தாக்கி இறந்தான் என்பது கிறித்தவக் கதை. படத்தில் அவள் சிவப்பு ஆடையும் வாளுமாக நிற்பாள். சிவப்பு சாங்கோவின் நிறம், மின்னல் அவன் ஆயுதம். எனவே ஆண் தெய்வமான சாங்கோ ஒரு பெண் புனிதரின் படத்தில் குடியேறினான். அம்மை நோயின் தெய்வமான பாபலு ஆயே, ஊன்றுகோலும் நாய்களுமாக இருக்கும் லாசருவின் படத்துக்குள் போனார். நம் மாரியம்மனை அறிந்தவர்களுக்கு இவரைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கடலன்னை யெமயா, ரேக்லா ஊரின் கருநிற மாதாவானாள்.

ஆனால் வெளியே இருப்பது சுண்ணச் சிலை மட்டுமே. ஒரிஷா குடியிருப்பது மூடி போட்ட பீங்கான் பாத்திரத்துக்குள் இருக்கும் கற்களில். எசமானன் சிலையைப் பார்த்தான், அடிமைக்குக் கல் தெரிந்தது. அந்த முகமூடியை மாட்டிக்கொண்டவர்கள் அந்த மக்களே. உள்ளே இருப்பது யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இங்கே நடந்தது வேறு. மதுரை வீரன் கதையை எடுத்துக்கொள்வோம். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மியைக் காதலித்தவன், மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கொல்லப்பட்டவனைத்தான் மக்கள் சாமியாக்கினார்கள். ஆனால் கதைப்பாடல் அவனைக் காசி அரசனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்கிறது. உழைக்கும் சாதியில் ஒரு வீரன் பிறக்க முடியாதாம், வளர மட்டும் முடியுமாம்! 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படம் அவனுக்குத் திரையில் ஒரு முகத்தையும் தந்தது. இந்த முகமூடிக்குள் அடிமை தன் தெய்வத்தை ஒளித்து வைக்கவில்லை. தெய்வத்தின் பிறப்பையே அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

முகமூடி இல்லாமல் நின்றால் என்ன ஆகும்? கியூப ஓவியர் விஃப்ரெதோ லாம் ஆப்பிரிக்க வழித் தாய்க்கும் சீனத் தந்தைக்கும் 1902இல் பிறந்தவர். அவருடைய ஞானத்தாய் ஒரு சாந்தேரியா பூசாரி. 1943இல் அவர் முடித்த 'காடு' ஓவியத்தில் புனிதர் யாரும் இல்லை. கரும்புத் தண்டுகளோடு பின்னிய உடல்களும் முகமூடி போன்ற முகங்களுமாக அது நிற்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது. ஆனால் அது தொங்கியதோ மேலங்கி வைக்கும் அறைக்குப் போகும் நடையில். கவிஞர் ஜான் யாவ் 1988இல் இதைக் கேள்வி கேட்டு எழுதினார். கலைக் கோயிலிலும் வாசலோடு நிறுத்தும் வழக்கம் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியா?

சட்டமும் இப்படித்தான். அமெரிக்காவின் ஹயாலியா நகரம், சாந்தேரியா ஆலயம் ஒன்று வரப்போகிறது என்றதும் 1987இல் பலியிடுவதைத் தடை செய்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஒருமனதாக ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் தூசு தட்டி எடுத்தார்கள். கிடாய் வெட்டும் கிராமச் சாமிகளின் மக்கள் எதிர்த்தார்கள், 2004இல் அந்தச் சட்டமே நீங்கியது.

இப்போது மலைக்குத் திரும்புவோம். பிடித்து வைத்தால் பிள்ளையார் என்பது எளிய மக்களின் சொல். மஞ்சளும் சாணமும் பிள்ளையாராகும் மரபில் கற்கோடாரி பிள்ளையாராவதில் குறையில்லை. அந்தப் பெயரை மக்களே வைத்திருக்கலாம். நாம் அஞ்ச வேண்டியது அடுத்த படியை. நன்கொடையோடு ஒரு சிமெண்ட் சிலை வரும், அதற்கு மந்திரம் சொல்ல வெளியிலிருந்து ஒருவர் வருவார், கும்பிட்டு வந்த பூசாரி ஒதுங்கி நிற்பார், கல் மதிலோரம் போகும். கடைசியில் அது காணாமலும் போகும்.

எனவே மலையிலும் சேரியிலும் வேலை செய்யும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லையும் இருக்கும் இடத்திலேயே படமெடுப்போம். அதற்கு மக்கள் சொல்லும் பெயரை, அவர்கள் சொல்லும் கதையோடு எழுதி வைப்போம். பூசை செய்யும் குடும்பம் எது என்பதையும் கிராம சபைப் பதிவில் ஏற்றுவோம். சிலை வேண்டும் என்று ஊரே முடிவு செய்தால் செய்யட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் கல் நடுவில்தான் இருக்க வேண்டும்.