த்ரோ-இன்தானேன்னு அசால்ட்டா இருக்கீங்களா? கோல் விழாமல் தடுக்க 5 வழிகள்!

பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனதும் உங்க டீம் பசங்க என்ன செய்றாங்கன்னு கவனிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஷூ லேஸ் கட்டுவார். ஒருத்தர் ரெஃப்ரியிடம் கையை விரிப்பார். எதிரணி சட்டென பந்தை எறிந்துவிட்டால், அந்த மூணு நொடி அசதிக்கு விலை ஒரு கோல்!

2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்து இந்த விலையைக் கொடுத்தது. நான்காவது நிமிடத்தில் பெனால்ட்டி மூலம் முன்னிலை. இரண்டே நிமிடத்தில் ஐஸ்லாந்து கேப்டன் குன்னார்சன் பாக்ஸுக்குள் நீளமாக ஒரு த்ரோ எறிந்தார். ஆர்னாசன் தலையால் தட்டிவிட, பின்னாலிருந்து ஓடிவந்த சிகுர்ட்சன் கோலாக்கினார். 2-1 என ஐஸ்லாந்து ஜெயிக்க, இங்கிலாந்து மூட்டை கட்டியது.

ஏரியா டீமுக்கோ காலேஜ் டீமுக்கோ நீங்க கோச்சா, கேப்டனா? அப்போ இந்த அஞ்சு விஷயத்தையும் பசங்களுக்குப் பழக்கிடுங்க.

1. முதலில் ஆள், பிறகு பந்து

பந்து வெளியே போனதுமே ஆளுக்கொரு எதிரியைப் பிடிக்க வேண்டும். 'நம்பர் 7 என்னோட ஆள்' எனச் சத்தமாகச் சொல்லட்டும். பந்தை மட்டுமே பார்த்து நிற்பவருக்குப் பின்னால்தான் எதிரணி வீரர் நழுவுவார். பந்தும் ஆளும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பி நிற்பதே சரி.

2. ஆஃப்சைடை நம்பாதீங்க

த்ரோ-இன்னிலிருந்து நேராகப் பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைடே கிடையாது. அதனால் டிஃபென்ஸ் வரிசையை முன்னேற்றித் தப்பிக்க முடியாது. உங்க ஆளுக்கும் உங்க கோலுக்கும் நடுவில் நில்லுங்க.

3. எறிந்தவரை மறக்காதீங்க

எறியும் நொடியில் அவர் கோட்டுக்கு வெளியே இருப்பார். களத்துக்குள் உங்களுக்கு ஓர் ஆள் கூடுதல். ஆனால், எறிந்த அடுத்த நொடியே அவர் உள்ளே வந்து பந்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒருத்தரை அவருக்காகவே ஒதுக்குங்க. எறியும் இடத்திலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி.

4. நீள த்ரோவா? இரண்டாவது பந்துதான் ஆபத்து

ஸ்டோக் சிட்டியின் ரோரி டெலாப் த்ரோவுக்குப் பயந்து, 2008-ல் ஹல் சிட்டி கோல்கீப்பர் பந்தைக் கார்னருக்கே உதைத்துவிட்டார்! அவ்வளவு பயம் வேண்டாம். தலையால் தட்டிவிடப்போகும் உயரமான வீரருக்கு முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் நிற்கட்டும். கையால் எறியும் பந்தில் உதைத்த பந்தின் வேகம் இருக்காது. நீங்க தலையால் முட்டினாலும் அது தூரமாகப் போகாமல் பாக்ஸ் விளிம்பிலேயே விழும். அங்கே ரெண்டு பேரை நிறுத்துங்க. யார் மேலும் படாமல் பந்து நேராகக் கோலுக்குள் போனால் அது கோல் இல்லை, கோல் கிக்தான். இதை கீப்பரிடம் சொல்லி வையுங்க. அரைகுறையாகக் கை வைத்து உள்ளே விட்டால், அது கோல்!

5. கோட்டையே டிஃபெண்டர் ஆக்குங்க

எதிரணி அவங்க பாதியில் எறிந்தால், அது உங்களுக்கு வாய்ப்பு. மைதானத்தின் நடுப்பக்கம் போகும் வழியை அடைத்து, கோட்டை ஒட்டிய வழியை மட்டும் திறந்துவிடுங்க. பந்து அங்கே வந்ததும் ரெண்டு பேர் பாய்ந்தால், தப்பிக்க அவருக்கு இடமே இருக்காது.

15 நிமிடப் பயிற்சி

கோட்டை ஒட்டி 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம் போடுங்க. ஆளுக்கு நாலு பேர். ஒரு அணி 10 முறை எறியட்டும். 6 நொடிக்குள் பந்தைப் பறித்தால் டிஃபென்ஸுக்கு ஒரு பாயின்ட். பிறகு அணியை மாற்றுங்க. அறிவிக்காமல் நடுவில் சட்டென ஒரு பந்தை எறியச் சொல்லுங்க, யார் தூங்குறாங்கன்னு தெரிஞ்சிடும்! சின்னப் பசங்க என்றால் ஹெட்டர் வேண்டாம், தரையோடு எறிந்தால் போதும்.

லிவர்பூல் மாதிரி பெரிய கிளப்பே 2018-ல் த்ரோ-இன்னுக்காகத் தனி கோச்சை நியமித்தது. நமக்கு அதெல்லாம் வேண்டாம். வாரத்துக்கு 15 நிமிடம் ஒதுக்கினாலே போதும். அடுத்த மேட்ச்சில் பந்து வெளியே போனதும் உங்க பசங்க லேஸைத் தேடாமல் ஆளைத் தேடினால், பயிற்சி பலித்துவிட்டது என்று அர்த்தம்.