எல்லை கடந்த காவல்

ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகின்றது. குற்றம் செய்பவனோ அவ்வெல்லையில் நிற்பதில்லை. புகையிரதமும் நீராவிக் கப்பலும் தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வுண்மை அரசாங்கங்களுக்கு நன்கு புலனாயிற்று. ஒரு நகரிலே சதி செய்து, மற்றொரு நகரிலே ஆயுதம் பெற்று, வேறொரு நாட்டிலே கொலை செய்து, பின்னர் இன்னொரு நாட்டிலே புகலிடம் தேடுதல் எளிதாயிற்று. இதற்கு மாற்றாக, பல நாட்டுப் பொலிசாரும் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே தவறியது, அத்தவறுகள் நமக்கு உணர்த்துவன யாவை என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறன்று நம் நாடு அடைந்த துயரத்தை நினைவிற் கொள்வோர்க்கு இஃது ஏட்டுச் சரித்திரம் மாத்திரமன்று.

ரோமாபுரி மகாநாடு

1881 இல் இரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் தமது தலைநகரிலேயே வெடிகுண்டுக்கு இரையானார். 1894 இல் பிரெஞ்சுக் குடியரசின் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரிலே கத்தியாற் குத்தப்பட்டு இறந்தார். 1897 இல் ஸ்பானியப் பிரதமர் கானோவாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 1898 செப்டெம்பர் 10 ஆம் நாள் ஒஸ்திரியச் சக்கரவர்த்தினி எலிசபெத், ஜெனீவா ஏரிக்கரையிலே கூராக்கப்பட்ட அரமொன்றினாற் குத்தப்பட்டு மாண்டார். பிந்திய மூன்று கொலைகளையும் செய்தோர் இத்தாலிய அராஜகவாதிகள். கொலை நிகழ்ந்த நாடோ ஒவ்வொன்றும் வேறு.

சக்கரவர்த்தினி இறந்து மூன்று மாதங்கூட நிறைவதற்கு முன்னர், இத்தாலிய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று 21 நாடுகளின் பிரதிநிதிகள் ரோமாபுரியிற் கூடினர். நவம்பர் 24 ஆம் நாள் தொடங்கிய மகாநாடு ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது. அராஜகவாதிகளைக் கண்காணிக்க ஒவ்வொரு நாடும் ஒரு மத்திய அலுவலகத்தை அமைத்தல் வேண்டும், அவ்வலுவலகங்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்புதல் வேண்டும், ஆட்களை அடையாளங் காணப் பாரிஸ் நகரத்துப் பெர்த்தியோன் வகுத்த முறையைக் கையாளுதல் வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. அம்முறை, ஒருவனுடைய முகத்தின் ஒவ்வோர் உறுப்பையும் ஒழுங்குபட்ட சொற்களால் விபரிப்பதாகும். சொல்லாக அமைந்தமையால் அதனைத் தந்தியிலும் அனுப்பலாம்.

ஆயினும் பிரித்தானியா இறுதி உடன்படிக்கையிற் கையொப்பமிடவில்லை. அரசியல் அகதிகளுக்குப் புகலிடம் அளித்தல் அந்நாட்டின் நெடுநாள் மரபாக இருந்தது. கொலையைத் தண்டிக்க வழமையான சட்டமே போதும் என்பதும் அந்நாட்டின் எண்ணம். அராஜகவாதி யார் என்பதை ஒவ்வோர் அரசாங்கமும் தன் தன் அச்சத்திற்கேற்ப வரையறுத்தது. எதேச்சாதிகார அரசன் கொலைகாரன் எனப் பட்டியலிடும் ஒருவனை, பாராளுமன்ற ஆட்சியுள்ள நாடு சீர்திருத்தக்காரன் எனக் கருதக்கூடும். 1904 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் சில நாடுகள் இரகசிய உடன்படிக்கை ஒன்று செய்தபோதும் இக்கருத்து வேற்றுமை தீரவில்லை. 1914 ஏப்பிரலில் மொனாக்கோவிலே 24 நாடுகளின் பொலிஸ் அதிகாரிகளும் சட்ட அறிஞர்களும் கூடிக் குற்றப் பதிவேடுகளை ஒருமுகப்படுத்துவது பற்றி ஆலோசித்தனர். இரண்டு மாதங்களின் பின்னர் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். உலகம் போரில் மூழ்கியது.

வியன்னாவும் மார்செய்ல்ஸும்

போர் முடிந்தபின், 1923 இல் வியன்னாப் பொலிஸ் தலைவர் யொகான் ஷோபரின் முயற்சியாற் சர்வதேசக் குற்றப் பொலிஸ் ஆணைக்குழு உருவாயிற்று. இராஜதந்திரிகள் வழியாக மாதக்கணக்கிற் கடிதம் அனுப்பும் வழக்கத்தை விடுத்து, பொலிசார் பொலிசாரோடு நேரிலே தொடர்புகொள்ளும் முறை இதனால் நிலைபெற்றது. கள்ளநோட்டு அச்சிடுவோர், மோசடிக்காரர் முதலியோரைப் பற்றிய பதிவட்டைகள் வியன்னாவிற் குவிந்தன. அரசியற் குற்றங்களிலிருந்து ஆணைக்குழு கூடியவரை விலகி நின்றது.

1934 ஒக்டோபர் 9 ஆம் நாள் யூகோசிலாவிய மன்னர் அலெக்சாந்தரும் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் பார்த்துவும் மார்செய்ல்ஸ் நகரிற் கொல்லப்பட்டனர். சுட்டவன் பல்கேரியன், அவனை ஏவியோருள் குரோவாசியத் தீவிரவாதிகள் இருந்தனர், அவர்களின் தலைவரான பவேலிச் இத்தாலியில் வாழ்ந்தார். அவரைக் கையளிக்குமாறு பிரான்சு கேட்டது. குற்றம் அரசியற் சார்புடையது என்று கூறி இத்தாலி மறுத்தது. அதே பவேலிச் 1941 இல் இத்தாலி, ஜேர்மனி ஆகியவற்றின் துணையோடு குரோவாசியாவின் ஆட்சியாளராக அமர்த்தப்பட்டார்.

இக்கொலையின் பயனாகச் சர்வதேச சங்கம் 1937 நவம்பரில் ஜெனீவாவிலே பயங்கரவாதத்தைத் தடுத்தற்கும் தண்டித்தற்குமான உடன்படிக்கையை வெளியிட்டது. போலிக் கடவுச்சீட்டுகளைத் தண்டித்தல், ஒவ்வொரு நாட்டிலும் தகவல்களைத் திரட்டும் அலுவலகம் ஒன்றை அமைத்தல், அதனை ஏனைய நாட்டு அலுவலகங்களோடு இணைத்தல் முதலியன அதிற் கூறப்பட்டன. 24 நாடுகள் கையொப்பமிட்டன. ஆனால் அதனை முறைப்படி உறுதிசெய்த நாடு ஒன்றே ஒன்றுதான். அஃது அன்று பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தியா. உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலே போயிற்று. பயங்கரவாதத்தைக் கண்டிப்பதற்கு எல்லா நாடுகளும் முன்வந்தன. தனக்குப் பயன்படும் பயங்கரவாதியைக் கைவிடுவதற்கு முன்வந்த நாடுகள் மிகச் சில.

கோப்புகள் கைமாறுதல்

தகவலைச் சேர்த்து வைப்பதிலும் ஆபத்து உண்டு என்பதை 1938 காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஹிட்லரின் சேனை வியன்னாவுட் புகுந்தது. ஆணைக்குழுவின் தலைவராயிருந்த ஸ்குப்ல் பதவி இழந்தார். நாசிகளுக்கு உவப்பான ஸ்டைன்ஹோய்ஸ்ல் அவ்விடத்தில் அமர்ந்தார். அவர் 1940 இல் இறக்கவே, தலைமைப் பதவி நாசிப் பாதுகாப்புத் துறையின் தலைவரான ரைன்ஹார்ட் ஹைட்றிச்சைச் சேர்ந்தது. அலுவலகமும் பெர்லின் நகரத்து வான்சேப் பகுதிக்கு மாற்றப்பட்டது. யூத மக்களை அழித்தொழிக்கும் திட்டம் பற்றி ஆராய ஹைட்றிச் விடுத்த முதலாவது அழைப்புக் கடிதத்திலே, கூட்டம் நடைபெறும் இடமாகக் குறிக்கப்பட்டது இவ்வாணைக்குழுவின் அலுவலகமே. பின்னர் 1942 சனவரியில் அக்கூட்டம் அதே பகுதியில் வேறொரு மாளிகையில் நடைபெற்றது.

இதனை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். வியன்னாவிற் பதிவட்டை எழுதிய எழுதுவினைஞன் திருடனைப் பிடிப்பதற்காகவே அதை எழுதினான். ஆனால் எழுதியவன் போனபின்னும் அட்டை இருக்கும். அது யார் கையிற் சேருமென்று எழுதியவனாற் சொல்ல முடியாது.

மூன்றாம் பிரிவு

1946 இல் பெல்ஜியப் பொலிஸ் அதிகாரி லூவாஜ் முதலியோர் பிரசல்ஸ் நகரிற் கூடி ஆணைக்குழுவைப் புதுப்பித்தனர். தலைமையகம் பாரிசுக்கு மாறிற்று. நான்கு ஆண்டுகளுக்குள் புதிய சோதனை வந்தது. 1950 இல் செக்கோசிலாவாக்கியாவிலிருந்து விமானங்களைத் திசைதிருப்பி மேற்கு ஜேர்மனிக்குத் தப்பியோரைத் தேடுமாறு அந்நாட்டுப் பொதுவுடைமை அரசாங்கம் இந்த அமைப்பின் வழியாகவே கேட்டது. அமெரிக்கப் புலனாய்வுத் தலைவர் ஹூவர் சினந்து தமது துறையை அமைப்பிலிருந்து விலக்கிக்கொண்டார்.

1956 இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட யாப்பு, இன்டர்போல் என இன்று நாம் அறியும் அமைப்புக்கு வடிவந் தந்தது. அரசியல், இராணுவம், மதம், இனம் ஆகியவை சார்ந்த எத்தகைய நடவடிக்கையிலும் தலையிடுதலை அதன் மூன்றாம் பிரிவு முற்றாகத் தடை செய்கின்றது. ஹைட்றிச்சின் காலத்தை அறிந்தோர்க்கு இத்தடையின் அருமை விளங்கும். ஆயினும் 1970களில் விமானக் கடத்தலும் குண்டுவெடிப்பும் பெருகியபோது, இதே பிரிவு இன்டர்போலைத் தயங்கச் செய்தது. ஐரோப்பியச் சமூக நாடுகளின் தலைவர்கள் 1975 இல் ரோமாபுரியிலே கூடித் தமக்கெனத் தனி ஏற்பாடு ஒன்றை வகுத்தனர். இறுதியில் 1984 இல் லக்சம்பேர்க்கில் நடந்த இன்டர்போல் பொதுச்சபை, அரசியல் நோக்கம் கூறப்படுவதனால் மாத்திரம் அப்பாவிகளைக் கொல்லுங் குற்றம் அரசியற் குற்றமாகிவிடாது எனத் தெளிவுபடுத்திற்று. ஐந்தாண்டுகளின் பின் தலைமையகம் லியோனுக்குச் சென்றது. கார்னோ குத்துண்டு இறந்த அதே நகர் அது.

பட்டியலும் பார்வையும்

2001 செப்டெம்பர் 11 ஆம் நாளின் பின்னர் உலகம் விரைந்து செயற்பட்டது. அம்மாதமே ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 1373 ஆம் இலக்கத் தீர்மானம் தகவற் பரிமாற்றத்தை வலியுறுத்திற்று. களவு போன கடவுச்சீட்டுகளின் பட்டியலை இன்டர்போல் 2002 இல் தொடங்கிற்று; 2003 இல் உறுப்பு நாடுகளை இரவு பகலாக இணைக்கும் செய்தித் தொடர்பையும் ஏற்படுத்திற்று. ஆனால் 2014 மார்ச்சு 8 ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு மறைந்த மலேசிய விமானத்தில் இருவர் திருட்டுக் கடவுச்சீட்டோடு ஏறியிருந்தனர். அவ்விரு கடவுச்சீட்டுகளும் பட்டியலில் இருந்தன; புறப்படும் இடத்தில் எவரும் அதைப் பார்க்கவில்லை. அவ்விருவரும் புகலிடம் தேடிய இளைஞர்களே என்பது பின்னர் தெரிந்தது. அடுத்த முறை வருபவன் அத்தகையவனாக இருப்பான் என்பதற்கு உறுதி யாது?

நம் நாட்டின் அனுபவம் இதனினும் கொடியது. 2019 ஏப்பிரல் 4 ஆம் நாளிலேயே இந்தியப் புலனாய்வுத் துறை, தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று நம் அதிகாரிகளுக்கு அறிவித்தது. அதற்கு முன்னரே காத்தான்குடி முஸ்லிம் மக்கள் அத்தீவிரவாதக் கூட்டத்தைப் பற்றி முறையிட்டிருந்தனர். ஏப்பிரல் 21 ஆம் நாள் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தகவல் கடல் கடந்து வந்தது. நம்மவருடைய மேசைகளைக் கடக்கவில்லை. 2023 சனவரியில் உயர்நீதிமன்றத்தின் எழுவர் கொண்ட ஆயம், மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. உயர் அதிகாரிகளுக்கும் தனித்தனியே தொகை விதித்தது.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. மேற்கூறிய 1373 ஆம் தீர்மானத்தை அடியொற்றி 2012 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளின் கீழ், நம் அரசாங்கம் 2014 இல் 16 அமைப்புகளையும் 400க்கு மேற்பட்ட தனியாட்களையும் பட்டியலிட்டது. புலம்பெயர்ந்த தமிழர் பலர் அதில் இடம்பெற்றனர். 2015 இல் பல பெயர்கள் நீக்கப்பட்டன. 2021 இற் சில மீண்டும் சேர்க்கப்பட்டன. ஆட்சி மாறுந்தோறும் பட்டியலும் மாறுமாயின், அது குற்றத்தின் பட்டியலா, அச்சத்தின் பட்டியலா என்று கேட்பது குடிமக்களின் உரிமையாகும். ரோமாபுரியில் 1898 இல் எழுந்த வினா இதுவே.

ஆகவே இவ்வரலாறு நமக்கு மூன்று செய்திகளைக் கூறுகின்றது. குற்றம் எதுவென்பதில் நேர்மையான உடன்பாடு இல்லாவிடின் தகவற் பரிமாற்றம் ஏட்டளவில் நின்றுவிடும். கோப்புகளுக்குச் சட்டத்தின் காவல் இல்லாவிடின் அவை கொடியோர் கைக்கருவியாகும். கிடைத்த தகவலைக் கொண்டு கடமையைச் செய்வார் இல்லாவிடின் உலகம் முழுதும் திரட்டிய அறிவும் வீணே. வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஆராய்ந்து தெளிக என்றும், ஒற்றர் வாயிலாக அறிந்தவற்றின் பொருளை உணராத மன்னனுக்கு வெற்றியில்லை என்றும் அவர் கூறியன மேற்சொன்ன இரு தவறுகளையும் சுட்டுவன போலவே அமைந்துள்ளன. நாளை பொலிஸ் நிலையத்திலும் குடிவரவு மேசையிலும் நீதிமன்றத்திலும் அமரப்போகும் இளைஞர் நம்முள்ளும் உளர். முன்னே வந்த கடிதத்தை உரிய வேளையிற் படிப்பதும், ஒருவன் பெயரைக் காரணமின்றி ஏட்டில் ஏற்றாதிருப்பதும் ஒரே கடமையின் இரு கூறுகள் என்பதை அவர்கள் நெஞ்சிற் கொள்வார்களாக.