சதை வளர்ச்சி அறுவைக்குப் பிந்திய கண் வறட்சி

கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வெண்படலம், இரத்தக் குழாய்களுடன் தடித்து முக்கோண வடிவில் கருவிழிமேல் ஏறும் நோயை மருத்துவர்கள் டெரிஜியம் என்பார்கள். பேச்சுவழக்கில் அது ‘கண்ணில் சதை வளர்வது’. பல்லாண்டு வெயிலில் பட்ட புற ஊதாக் கதிர்களே முதன்மைக் காரணம் என்பதால், நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 40 பாகைக்குள் அடங்கும் நாடுகளில் இது மிகுதி. அங்கும் வயல், கடல், உப்பளம் என்று திறந்த வெளியில் உழைப்பவர்களிடம் கூடுதல். பெரும்பாலும் மூக்கை ஒட்டிய பக்கத்தில் தோன்றும். காதுப் பக்கமிருந்து நுழையும் ஒளியைக் கருவிழியே குவித்து மூக்குப் பக்க ஓரத்தில் விழச்செய்கிறது என்பது ஆஸ்திரேலிய மருத்துவர் கொரோனியோ இதற்குத் தந்த விளக்கம். சதை பார்வையை மறைக்கத் தொடங்கினாலோ, கருவிழியின் வளைவை இழுத்துச் சிலிண்டர் பவரை ஏற்றினாலோ, அடிக்கடி சிவந்து தொல்லை தந்தாலோ அறுவை செய்து நீக்குகிறார்கள். அதன்பின் சில வாரங்களுக்கு மணல் விழுந்ததுபோல் உறுத்தல், எரிச்சல், காற்றுப் பட்டால் நீர் வடிதல் எல்லாம் இருக்கும். ‘ஆபரேஷன்தான் கண்ணைக் காயவைத்துவிட்டது’ என்ற முடிவுக்கு நோயாளி வந்துவிடுவது இயல்பு. ஆனால் சான்றுகள் பெரும்பாலும் வேறு பக்கம் கைகாட்டுகின்றன: வறட்சி அறுவைக்கு முன்பே அங்கே இருந்தது, அறுவை அதைக் குறைக்கவே செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, வறட்சி என்பது வெறும் நீர்க்குறைவு அல்ல என்பதை முதலில் பார்க்க வேண்டும். கருவிழிமேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான்தான். அதில் பெரும்பகுதி கண்ணீர்ச் சுரப்பி தரும் நீர். அந்த நீர் ஆவியாகாமல் காப்பது இமை விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகள் கசியவிடும் எண்ணெய். விழிப்பரப்பில் அதை ஒட்டிப் பரவச் செய்வது வெண்படலத்தின் கோப்பைச் செல்கள் சுரக்கும் மியூசின் என்ற வழவழப்புப் பொருள். மூன்றில் எது கெட்டாலும் படலம் அடுத்த இமைப்புவரை தாங்காமல் உடையும். ‘கண்ணில்தான் நீர் கொட்டுகிறதே, வறட்சி எங்கிருந்து வந்தது?’ என்று பலர் கேட்பதற்குப் பதிலும் இதுதான். படலம் உடைந்து கருவிழி வெளிப்பட்டதும் நரம்பு தூண்டப்பட்டு நீர் கொட்டுகிறது. எண்ணெயும் மியூசினும் சரியில்லாத கண்ணில் அது நிற்காமல் வழிந்துவிடுகிறது. அதனால்தான் சோதனையும் ஒன்றோடு முடிவதில்லை. ஜெர்மானிய மருத்துவர் ஷிர்மர் 1903-இல் விவரித்த தாள் சோதனை ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நீர் ஊறுகிறது என்று காட்டும். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் நீர் போதவில்லை என்று கொள்வார்கள். ஃபுளோரசின் சாயமிட்டு, படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பது மற்றொன்று; 10 விநாடிக்குள் உடைவது நல்ல அறிகுறி அல்ல.

சதை வளர்ந்த கண்ணில் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டாவது சோதனைதான். காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. மேடாக எழும்பிய சதைக்கு அருகே இமை விழிப்பரப்பைச் சரியாக வழித்துவிட முடிவதில்லை. வரப்போர மூலைக்குக் கலப்பை எட்டாததுபோல் அந்த ஓரம் மட்டும் நனையாமல் நின்றுவிடுகிறது. ஓயாத அழற்சி கோப்பைச் செல்களையும் பாதிக்கிறது. 2007-இல் சீன மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், சதையை நீக்கியபின் படலத்தின் நிலைத்தன்மையும் கோப்பைச் செல்களின் அடர்த்தியும் மேம்பட்டன. 2013-இல் துருக்கியில் கண்ணீரின் உப்புச் செறிவை அளந்தவர்கள் கண்டது இன்னும் அழுத்தமானது. வறட்சியில் உயரும் அந்தச் செறிவு அறுவைக்குப் பின் இறங்கியது. சதை திரும்ப வளர்ந்த கண்களில் மறுபடி ஏறியது. சதை போனால் குறைவதும் வந்தால் கூடுவதுமாக இருக்கும் ஒன்றை அறுவையின் கணக்கில் எழுதுவது எப்படி? ஷிர்மர் சோதனையின் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுவது உண்மை. நீரின் அளவைவிடப் படலத்தின் தரமே இங்கே சிக்கல் என்பதோடு அது பொருந்தியே போகிறது.

வறட்சியால்தான் சதை வளர்கிறது, சதையால் வறட்சி அல்ல என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தை அப்படியே ஏற்றாலும் வறட்சி அறுவைக்கு முந்தியது என்றுதான் ஆகிறது. தவிர, வறட்சி முழுக்கக் காரணமாகவே இருந்தால் சதையை நீக்கியதும் படலம் தேறியிருக்கக் கூடாது, தேறுகிறது. ஆக, ஒரு பங்காவது சதையின் விளைவுதான்.

அப்படியானால் அறுவைக்குப் பிந்திய வாரங்களில் கண் ஏன் உறுத்துகிறது? முதல் காரணம் புண் ஆறுவது. கருவிழியில் சதை இருந்த இடத்தில் புதிய மேல்தோல் படர வேண்டும். மேலிமைக்கு அடியிலிருந்து எடுத்து ஒட்டிய வெண்படலத் துண்டு வீக்கம் வடிந்து படிய வேண்டும். அந்த வீக்கம் பெரிதாக இருந்தால், அதையடுத்த கருவிழி ஓரம் காய்ந்து சிறு குழியாக மெலிவதும் உண்டு. டெல்லன் எனப்படும் அது, ஈரம் காத்தால் ஆறிவிடும். தையல் போட்ட கண்ணில் நூல் முனைகள் குத்தும். ஃபைப்ரின் பசையால் ஒட்டிய கண்ணில் இந்தத் தொல்லை குறைவு. அதிகம் பேசப்படாத காரணம் சொட்டு மருந்து. புட்டியைத் திறந்தபின் மருந்து கெடாமலிருக்கப் பல சொட்டுகளில் பென்சல்கோனியம் குளோரைடு சேர்க்கிறார்கள். சோப்பைப் போல் எண்ணெய்ப் படலத்தைச் சிதைக்கும் இந்தப் பொருள் கோப்பைச் செல்களுக்கும் நஞ்சு. நாளுக்குப் பல முறை, வாரக்கணக்கில் அதை விட்டுக்கொண்டு, எரிச்சலுக்குக் கத்தியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

அறுவையின்மேல் உண்மையாகவே பழி விழும் இடங்களும் இருக்கின்றன. வெண்படலத்தை மிக அகலமாக வெட்டி எடுத்தால் கோப்பைச் செல்களும் போகின்றன. சதை திரும்பாமலிருக்கத் தடவும் புற்றுநோய் மருந்தான மைட்டோமைசின் அளவு மீறினால் விழியின் வெள்ளைச் சுவரே மெலிந்து உருகியிருக்கிறது. விழிப்பரப்பைப் புதுப்பிக்கும் ஓரத்து ஸ்டெம் செல்களும் சேதமாகலாம். சதையை நீக்கி இடத்தை வெறுமையாக விடும் பழைய முறையில், சில அறிக்கைகளின்படி பாதிக்கும் மேற்பட்ட கண்களில் சதை திரும்பியது. திரும்பும் ஒவ்வொரு சதையும் வறட்சியையும் உடன் கொண்டுவருகிறது. 1985-இல் கென்யனும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளியின் சொந்த வெண்படலத்தை எடுத்து ஒட்டும் முறையை விவரித்தபின் நிலைமை மாறியது. பல அறிக்கைகளில் திரும்ப வளரும் விகிதம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆகவே இந்த மறுப்பு ஒட்டுமொத்த அறுவையைச் சாடவில்லை; முறையைச் சாடுகிறது. இன்னொரு மறுப்புக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது: சோதனை எண்கள் தேறிய பிறகும் கண் எரிகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். உலர்கண் நோயில் அளவீடும் உணர்வும் ஒத்துப்போகாதது பழைய செய்தி. அவர்கள் சொல்வதைக் கற்பனை என்று தள்ளக் கூடாது. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தேடினால் பெரும்பாலும் அகப்படுவது இமை விளிம்பு. அடைபட்ட மெய்போமியன் சுரப்பிகள், சர்க்கரை நோய், முடக்குவாதம், அலர்ஜி மாத்திரைகள், மாதவிடாய் நின்ற பருவம், குளிர்சாதன அறையில் நாள் முழுதும் திரை பார்ப்பது ஆகிய எதையும் சதையை அறுத்து எடுப்பது தொடாது. இவற்றை அறுவைக்கு முன்பே கண்டுவிட்டால் நோயாளிக்கு வரப்போவதைச் சொல்லி வைக்கலாம். வெதுவெதுப்பான ஒத்தடத்தால் இமைகளைச் சீராக்கி, பதப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீரை முன்கூட்டியே தொடங்கலாம். தாள் சோதனையும் சாயச் சோதனையும் சேர்ந்து சில நிமிட வேலைதான். சதையின் அளவை மட்டும் குறித்துக்கொண்டு அறுவைக்குத் தேதி கொடுப்பது, பின்னால் வரும் மனக்குறையில் பாதியை மருத்துவரே விதைப்பதாகும். புண் ஆறியபின் மிஞ்சும் வறட்சிக்குச் செயற்கைக் கண்ணீர் போதாவிட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டும், கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பானும் உண்டு.

நோயாளிகள் ஒன்றை மட்டும் செய்யாமலிருந்தால் போதும். அறுவைக்குப் பின் அழற்சிக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு முதலில் எரிச்சலைத் தணித்திருக்கும். அந்த நினைவில் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணழுத்தத்தை வலியில்லாமல் ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், கண்புரையையும் விரைவுபடுத்தும். வறட்சியைச் சரிசெய்யலாம், கெட்ட பார்வை நரம்பு திரும்பாது. எரிச்சல் நீடித்தால் கடைக்கல்ல, கண் மருத்துவரிடம் போங்கள்.