தோலும் படமும் மலமும்: புதிய குரங்கினங்களுக்குச் சான்று மாறிய வரலாறு

குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், தேவாங்குகள், லெமூர்கள் எல்லாம் அடங்கியது முதனி வரிசை. அதில் 376 சிற்றினங்கள் உண்டு என்று 2005-இல் வெளிவந்த உலகப் பாலூட்டிகள் பட்டியலில் காலின் குரோவ்ஸ் கணக்குக் காட்டினார். 2017-இல் எஸ்த்ராதாவும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரையில் அந்த எண்ணிக்கை 504. பன்னிரண்டே ஆண்டுகளில் 128 கூடிவிட்டது. இவ்வளவு குரங்குகளும் அதுவரை எங்கே ஒளிந்திருந்தன என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலானவை ஒளிந்திருக்கவே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் அவற்றை வயலிலிருந்து விரட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு விலங்கைத் தனிச் சிற்றினமாக ஒப்புக்கொள்ள அறிவியல் கேட்கும் சான்று மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைக் கிழக்கு இமயமலை, தான்சானியா, சுமத்ரா, மியான்மர் ஆகிய இடங்களின் சில குரங்குகளைக் கொண்டு இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

விலங்கியலில் ஒவ்வொரு சிற்றினப் பெயருக்கும் ஒரு ‘வகைமாதிரி’ உண்டு. இந்தப் பெயர் எந்த விலங்கைக் குறிக்கிறது என்று பின்னாளில் வழக்கு வந்தால், கடைசியாகக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டிய சாட்சி அதுதான். நெடுங்காலம் அந்தச் சாட்சி, பதப்படுத்திய தோலும் மண்டையோடுமாக அருங்காட்சியக இழுப்பறையில் கிடந்தது. அதை அங்கே கொண்டு சேர்த்தது பெரும்பாலும் துப்பாக்கி.

பொன்னிறக் குரங்கின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அசாமில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த இ. பி. ஜீ, 1953 நவம்பரில் சங்கோஷ் ஆற்றங்கரையில் வெளிர்பொன் நிற முசுக்களைப் பார்த்துப் படம்பிடித்தார். அந்தப் படச்சுருளை லண்டனில் திரையிட்டும் காட்டினார். படத்தைப் பார்த்தவர்கள் வியந்தார்கள், ஆனால் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் குழு அப்பகுதிக்குப் போய் உடல்களைச் சேகரித்து வந்த பிறகே, 1956-இல் கஜூரியா அதை முறைப்படி விவரித்து ஜீயின் பெயரைச் சூட்டினார். கண்ணால் கண்டு படமும் எடுத்தாயிற்று. இருந்தும் உடல் இல்லாமல் பேச்சில்லை.

சுமார் ஐம்பது ஆண்டு கழித்து, அதே இமயமலை வரிசையின் கிழக்கே காட்சி மாறிவிட்டது. மைசூரைச் சேர்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2003, 2004-இல் அருணாசலப் பிரதேசத்தின் தவாங், மேற்கு காமெங் மாவட்டங்களின் உயர்மலைப் பகுதிகளில் வனவிலங்குக் கணக்கெடுப்புக்காக அலைந்தார்கள். 2,000 முதல் 3,500 மீட்டர் உயரத்தில், கட்டுமஸ்தான, பழுப்பு நிறக் குரங்குக் கூட்டங்கள் கண்ணில் பட்டன. உச்சந்தலையில் கருந்திட்டு, வால் அசாம் குரங்கின் வாலைவிடக் குட்டை, திபெத்துக் குரங்கின் வாலைவிட நீளம். வால் உடம்பில் எத்தனை பங்கு என்பது மக்காக் குரங்குகளைப் பிரித்தறிய உதவும் பழைய அளவுகோல். ஆய்வாளர்கள் எதையும் சுடவில்லை. படங்களை எடுத்துவந்து, வாலையும் முகக்குறிகளையும் உறவினக் குரங்குகளோடு ஒப்பிட்டார்கள்.

2005-இல் அனிந்தியா சின்ஹா, அபராஜிதா தத்தா, எம். டி. மதுசூதன், சாருதத் மிஸ்ரா ஆகிய நால்வரும் அதற்கு மக்காக்கா முன்சாலா என்று பெயரிட்டார்கள். திராங் மொன்பா பேச்சில் ‘முன் சாலா’ என்றால் அடர்காட்டுக் குரங்கு. 1903-க்குப் பிறகு மக்காக் பேரினத்துக்குக் கிடைத்த முதல் புதுச் சிற்றினம் அது. வகைமாதிரியாக நிறுத்தப்பட்டது, படத்தில் இருந்த வளர்ந்த கடுவன் ஒன்று. படம் எடுத்த பிறகும் அது தன் போக்கில் காட்டில் திரிந்தது. நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் தேங்காய் பறிக்கும் நாட்டுக் குரங்கும் இலங்கையின் செங்குரங்கும் இதே உறவுக்குழுவைச் சேர்ந்தவை என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

உடல் இல்லாமல் பெயரிடலாமா என்ற சண்டை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சோமாலியாவில் 1988-இல் ஒரு பறவையைப் பிடித்து, ரத்தமும் இறகும் எடுத்துக்கொண்டு பிறகு விடுவித்து, அதைப் புதுச் சிற்றினமாக 1991-இல் அறிவித்தார்கள். ‘விடுவிக்கப்பட்டது’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்கள். 2008-இல் பார்த்தால், அது ஏற்கெனவே தெரிந்த பறவையின் நிற வேறுபாடுதான்! 2015-இல் ஓர் ஈயைப் படங்களை மட்டும் வைத்துப் பெயரிட்டபோது, ஏறக்குறைய 500 வகைப்பாட்டியலாளர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். இருந்தும், குரங்குகள் விஷயத்தில் இந்த எதிர்ப்பின் தர்க்கம் ஓரளவுதான் செல்லும் என்பது என் கருத்து. சில நூறே மிஞ்சியிருக்கும் விலங்கை, அது தனியினம் என்று நிறுவுவதற்காகவே கொல்லச் சொல்வதை நியாயப்படுத்த முடியாது.

ஆனாலும் உடலின் பயனை ஒதுக்கிவிடவும் முடியாது. தான்சானியாவின் கிபுஞ்சி குரங்கைப் பற்றி ருங்வே மலை வேட்டைக்காரர்கள் சொன்னபோது ஆய்வாளர்களுக்குச் சந்தேகம்தான். அங்கே மக்கள் மெய்யான விலங்குகளையும் ஆவி விலங்குகளையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். 2003-இல் அங்கேயும், மறு ஆண்டு சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி நுந்துண்டுலு காட்டிலும், ஒன்றையொன்று அறியாத இரு குழுக்கள் அதை நேரில் கண்டன. ஹாரன் அடித்தாற்போலக் குரைக்கும் குரங்கு அது. 2005-இல் படத்தைக் கொண்டே பெயரிட்டு, தெரிந்த ஒரு பேரினத்தில் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஓர் உழவரின் பொறியில் சிக்கி ஓர் இளங்குரங்கு செத்தது. அதன் டி.என்.ஏ. பபூன்களோடு நெருக்கம் காட்டியது. 2006-இல் அதற்கென்றே புதுப் பேரினம் அமைக்க வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்கக் குரங்குகளில் 1923-க்குப் பின் முதல் புதுப் பேரினம். படம் அது புதிது என்பதைச் சரியாகச் சொன்னது, யாருக்குச் சொந்தம் என்பதைத் தவறாகச் சொன்னது. முன்சாலாவுக்கும் 2008-இல் ஓர் இறந்த உடல் சான்றுமாதிரியாகப் பதிவாயிற்று. அப்படியும் வாதம் ஓயவில்லை: அது அசாம் குரங்கின் துணைச் சிற்றினமாகவே இருக்கலாம் என்று 2011-இல் வேறொரு குழு எழுதியது.

மூன்றாம் கட்டத்தில் டி.என்.ஏ. முன்னே வந்துவிட்டது. அருணாசலத்திலேயே, செலா கணவாயின் இருபுறமும் வாழும் குரங்குகள் சுமார் 20 லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்திருப்பதாக மரபணு காட்டுகிறது என்று சொல்லி, இந்திய விலங்கியல் ஆய்வகக் குழு 2022-இல் செலா குரங்கை அறிவித்தது. சுமத்ராவின் பாத்தாங் தோருவில் தபனூலி ஒராங்குட்டான் 2017-இல் தனிச் சிற்றினமானது 37 மரபணுத் தொகுப்புகளின் ஒப்பீட்டால். உடல் சான்றோ ஒன்றே ஒன்று: 2013-இல் மனிதர்களால் காயப்பட்டு இறந்த ராயா என்ற ஆணின் எலும்புக்கூடு. அதன் மண்டையோட்டை வளர்ந்த 33 ஆண்களின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டார்கள். 800-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் இந்த வாலில்லாக் குரங்குக்குப் பெயர் தந்தது ஒரு கொலை.

டி.என்.ஏ. வந்ததும் பட்டியல் ஊதிப்போனதையும் சொல்லியாக வேண்டும். தனித்து அடையாளம் காணத்தக்க மரபுக்கிளை எதுவானாலும் சிற்றினமே என்ற வரையறையைக் குரோவ்ஸ் உறுதியாகக் கைக்கொண்டார். அதனால் பழைய துணைச் சிற்றினங்கள் பல ஒரே இரவில் பதவி உயர்வு பெற்றன. ‘வகைப்பாட்டுப் பணவீக்கம்’ என்று 2004-இல் ஐசக்கும் அவருடைய தோழர்களும் இதைக் கேலியும் கவலையுமாகக் குறித்தார்கள். மடகாஸ்கர் லெமூர்களின் பெருக்கத்தை இயன் டாட்டர்சால் 2007-இல் இதே கோணத்தில் கேள்வி கேட்டார். மேலே சொன்ன 128-இல் கணிசமான பங்கு காட்டிலிருந்து வந்ததல்ல, வரையறையிலிருந்து வந்தது.

மூன்று சான்றுகளும் ஒரே இடத்தில் சந்தித்தது மியான்மரின் போப்பா முசுவில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பாலூட்டிகள் கணக்கெடுப்புக்காக கை ஷார்ட்ரிட்ஜ் 1913-இல் போப்பா மலையில் ஒரு முசுவைச் சேகரித்தார். அதன் தோல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக இழுப்பறையில் வேறோர் இனத்தின் பெயரோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. ஜெர்மானிய முதனி ஆய்வு மையத்தின் கிறிஸ்டியன் ரூஸ், மியான்மர்க் களப்பணியாளர் ந்க்வே லுவின் முதலானோர் காட்டில் பொறுக்கிய மலத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இழுப்பறைத் தோல்களின் டி.என்.ஏ.வோடு ஒத்துப் பார்த்தார்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட அந்த முசு தனிக் கிளை என்பது புலப்பட்டது. 2020 நவம்பரில் அது டிராக்கிபித்தீக்கஸ் போப்பா ஆனபோது, வகைமாதிரியாக நிறுத்தப்பட்டது ஷார்ட்ரிட்ஜ் கொண்டுவந்த அதே 1913-ஆம் ஆண்டு மாதிரி. உயிரோடு எஞ்சியிருப்பவை 200 முதல் 250 வரை, நான்கு இடங்களில் சிதறி. அவற்றில் பெரிய கூட்டம் இன்னும் போப்பா மலையில்தான் இருக்கிறது.