தாலுகாக் கோடு மாநில எல்லையான கதை: நெய்யாற்றின்கரையும் பாறசாலையும்

களியக்காவிளையைக் கடந்ததும் கேரளம் தொடங்கிவிடுகிறது. இடையில் மலையும் இல்லை, பேராறும் இல்லை. இன்று மாநில எல்லையாக நிற்பது திருவிதாங்கூர் அரசு வருவாய் நிர்வாகத்துக்காக வகுத்திருந்த பழைய கோடு. அதன் தெற்கே விளவங்கோடு தாலுகா, பத்மநாபபுரம் டிவிஷனைச் சேர்ந்தது. வடக்கே நெய்யாற்றின்கரை தாலுகா, திருவனந்தபுரம் டிவிஷனைச் சேர்ந்தது. வரி தண்டுவதற்காக எழுந்த பிரிவு அது. மொழியைக் கருதி எழுந்ததன்று.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1955இல் அறிக்கை அளித்த பசல் அலி ஆணையம் தாலுகாவையே அளவுகோலாகக் கொண்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை கன்னியாகுமரி மாவட்டமாயின. தாலுகா முழுமைக்கும் கணக்கிட்டால் மலையாளமே பெரும்பான்மையாக இருந்த நெய்யாற்றின்கரை, தன் தென்கோடித் தமிழ்க் குடிகளோடு கேரளத்தில் நின்றது.

மொழி தாலுகாக் கச்சேரியின் பதிவேட்டைப் பார்த்துப் பரவுவதில்லை. விளவங்கோட்டுத் தமிழில் மலையாளம் கலந்திருக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள மலையாளத்தில் தமிழ் கலந்திருக்கிறது. படிப்படியாக மாறும் பேச்சை ஒரே கோட்டால் பிரிக்கும்போது, எதை அலகாகக் கொண்டு எண்ணுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. வடவெல்லையில் இதற்குச் சான்று உண்டு. ஆந்திரத்துடனான சிக்கலில் படாஸ்கர் கிராமத்தையே அலகாகக் கொண்டார். அதன் விளைவாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. தென்னெல்லையில் அந்த அளவுகோல் எடுக்கப்படவில்லை.

எல்லையைத் திருத்துவது இனி நடைமுறைக்குரிய பேச்சன்று. எஞ்சியிருப்பது உள்ளாட்சியின் கடமை. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த 350அ பிரிவு, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரும் பொறுப்பை மாநிலத்தோடு நிறுத்தவில்லை; 'உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றும்' முயல வேண்டும் என்கிறது. 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்துக்குப்பின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராம பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வந்தன. கேரள ஆட்சிமொழிச் சட்டமோ உள்ளூர் அலுவலகங்களோடு தமிழில் எழுதும் உரிமையை, மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களோடு கட்டுகிறது. அங்கும் அலகுதான் கேள்வி.

தாலுகாக் கணக்கில் மறைந்துபோகும் ஒரு மொழி, வார்டுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும். பாறசாலை போன்ற ஊர்களில் தமிழ்வழி வகுப்பு நிலைப்பதும் மறைவதும், அந்தச் சிறு கணக்கை யார் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.